ஒற்றைக்கால் சாம்பிளும் ஆறு வினாடி ஜிஃப்பும்

கொஞ்ச மாதமாக ஜிஃப் என்கிற படக்கோப்பின் வரலாற்றைத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். வாட்ஸ்அப்பில் வடிவேலு திரும்பத் திரும்ப முழிப்பாரே, அந்தச் சமாச்சாரம்தான். ஆனால் நான் தேடிப் போனது வடிவேலுவை இல்லை. அதே கோப்பு இன்னொரு இடத்தில் செய்கிற வேலையை.

இன்றைக்கு ஒரு ஆப் எப்படி இருக்க வேண்டும் என்று யோசிக்கிறவர்கள், ஒரு வரி நிரல்கூட எழுதுவதற்கு முன்னாடி ஃபிக்மா போன்ற கருவியில் அதற்கு ஒரு மாதிரி செய்துவிடுகிறார்கள். பொத்தானை அழுத்தினால் அடுத்த திரை வரும், இழுத்தால் நகரும், தப்பாக அழுத்தினால் தப்பு என்று சொல்லும். இதற்குப் புரோட்டோடைப் என்று பேர். தொட்டுப் பார்ப்பதற்கென்றே செய்த பொருள். ஆனால் முடிவெடுக்கிற ஆளிடம் போய்ச் சேர்வது பல நேரம் அந்தப் பொருள் இல்லை. செய்தவரே அதை ஒருமுறை ஓட்டிக் காட்டி, திரையைப் பதிவு செய்து, ஆறு வினாடிக்குச் சுருக்கி, ஓயாமல் சுழல்கிற ஒரு ஊமைப் படமாக அனுப்பிவிடுகிறார். அந்தப் படத்தைப் பார்த்து "நல்லாருக்கு, இப்படியே பண்ணிடுங்க" என்று பதில் வருகிறது.

தொடுவதற்காகச் செய்ததை எதற்குத் தொட முடியாத படமாக்குகிறோம்? இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? இதில் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? இந்த மூன்று கேள்விக்குக் கிடைத்த பதில்களைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

மாதனூரிலிருந்து பார்த்தால்

நான் இருப்பது மாதனூர். ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவே, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஓரம், பாலாற்றுப் பக்கம். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு "பொருள் போகாது, பொருளின் மாதிரிதான் போகும்" என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நீளும் தோல் வட்டாரமே சாம்பிளில்தான் ஓடுகிறது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஆவாரம் பட்டை போட்டுப் பதனிட்ட தோலைக் கட்டுக் கட்டாக வெளிநாட்டுக்கு அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்றே அதற்கு வெளியில் பேர். 1970-களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி, கச்சாத் தோலும் அரைகுறையாகப் பதனிட்ட தோலும் வெளியே போவதற்கு அரசு கட்டுப்பாடு போட்டது. முடித்த தோலாக, ஷூவாக, ஷூவின் மேல்பாகமாகச் செய்து அனுப்பு என்பதுதான் நோக்கம். தோல் விற்ற ஊர் ஷூ விற்கும் ஊராக மாறிய கதை அது. ஷூ விற்க ஆரம்பித்தால் சாம்பிள் இல்லாமல் முடியாது.

அந்த சாம்பிளில் மூன்று நிலை உண்டு. முதலாவது தோல் துண்டு. உள்ளங்கை அளவுக்கு வெட்டி, நிறமும் பளபளப்பும் சரியா என்று பார்க்க அனுப்புவது. இரண்டாவது ஒற்றைக்கால் ஷூ. கால் வடிவ அச்சான லாஸ்ட்டின் மேல் டேப் ஒட்டி, கோடு போட்டு, உரித்துத் தட்டையாக்கி பேட்டர்ன் எடுத்து, வெட்டி, தைத்து, அடிப்பாகம் ஒட்டிய முழு ஷூ. ஆனால் ஒரு காலுக்கு மட்டும். வழக்கமாக ஆண்களுக்கு என்றால் 42, பெண்களுக்கு என்றால் 37 அளவில். மேசையில் வைத்துப் பார்க்க, கண்காட்சியில் அடுக்க இது போதும். மூன்றாவதுதான் ஜோடி. யாராவது ஒருவர் மாட்டிக்கொண்டு நடந்து பார்ப்பதற்கு. குதிகால் கடிக்கிறதா, விரல் இடிக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

ஒற்றைக்கால் ஷூவை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் நடக்க முடியாது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் போகலாம்.

திரையில் தொட்டது, ஃபிலிமில் மிஞ்சியது

தொட்டால் பதில் சொல்கிற பொருளைத் தூரத்தில் இருப்பவருக்கு எப்படிக் காட்டுவது? இந்தப் பிரச்சினை ஃபிக்மாவுக்கு ரொம்ப முன்னாலேயே வந்துவிட்டது. 1963-ல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட், ஒளிப்பேனாவால் திரையில் நேரடியாக வரையும் 'ஸ்கெட்ச்பேட்' நிரலைச் செய்தார். அது ஓடியது டி.எக்ஸ்-2 என்ற ஆராய்ச்சிக் கம்ப்யூட்டரில். அந்த மெஷின் இருக்கும் அறைக்குப் போனவர்கள்தான் அதைத் தொட்டுப் பார்த்திருக்க முடியும். மற்ற எல்லாருக்கும் அது ஃபிலிமில் பார்த்த விஷயம்.

1968 டிசம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் சுமார் 1000 பேர் முன்னால் 90 நிமிடம் தன் கருவியை இயக்கிக் காட்டினார். மவுஸ், சுட்டினால் தாவும் இணைப்பு, திரையில் முகம் பார்த்துப் பேசுவது எல்லாம் ஒரே மேடையில். அன்றைக்குக்கூட கையில் மவுஸ் வைத்திருந்தது எங்கல்பார்ட்டும் அவர் குழுவும்தான். சபை பார்த்துக்கொண்டிருந்தது. இன்று நமக்கு மிஞ்சியிருப்பது அந்த நிகழ்ச்சியின் படப்பதிவு. ஆக, கணினி இடைமுகத்தின் ஆரம்ப வரலாறே நமக்குத் தொடுதலாக இல்லை, படமாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

ஊமைப் படம் ஊர் விட்டு ஊர் போகும் என்பதும் இந்த மண்ணுக்குப் புதிது இல்லை. தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான 'கீசக வதம்' எடுத்த ஆர். நடராஜ முதலியார் வேலூரில் பிறந்தவர். மோட்டார் உதிரிபாக வியாபாரத்தில் இருந்தவர், பூனாவுக்குப் போய் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயரிடம் கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டு, 1917–18 வாக்கில் சென்னையில் அந்தப் படத்தை எடுத்தார். நடுவில் வரும் எழுத்து அட்டைகள் மட்டும் தமிழ், ஆங்கிலம், இந்தி என்று மாறும். படம் அதேதான். பேச்சு இல்லாததால்தான் ஒரே படத்தை அட்டை மாற்றி எங்கும் ஓட்ட முடிந்தது. பேச்சு வந்த பிறகு அது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. குறையே சீட்டாக, அனுமதிச் சீட்டாக மாறிய இடம் இது. ஜிஃப் கதையிலும் இதே திருப்பம் வரும்.

1987: ஒரே வருஷத்து இரண்டு பிள்ளைகள்

1987 ஜூன் 15. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் இருந்த கம்ப்யூசர்வ் நிறுவனம் ஒரு புதிய படக்கோப்பு வடிவத்தை வெளியிட்டது. தொலைபேசி வழியாக கம்ப்யூட்டர்களை இணைத்துச் செய்தி, அரட்டை, கோப்பு எல்லாம் கொடுத்துக்கொண்டிருந்த நிறுவனம் அது. வாடிக்கையாளர்களிடம் ஐபிஎம், ஆப்பிள், அட்டாரி, கமடோர் என்று ஆளுக்கொரு மெஷின். ஒன்றில் செய்த படம் இன்னொன்றில் தெரியாது. எல்லா மெஷினிலும் தெரிகிற, மெதுவான மோடத்திலும் இறங்குகிற வண்ணப் படம் வேண்டும். ஸ்டீவ் வில்ஹைட் தலைமையிலான குழு செய்து கொடுத்ததுதான் ஜிஃப். வில்ஹைட் அதில் செய்த முதல் படம் ஒரு விமானம். பெயரை 'ஜிஃப்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று அவர் கடைசி வரைக்கும் அடித்துச் சொன்னார். 2013-ல் வாழ்நாள் சாதனைக்கான வெப்பி விருது வாங்கியபோதும் அதையேதான் சொன்னார். 2022 மார்ச்சில் காலமானார். 'கிஃப்' என்கிறவர்கள் மன்னிக்க வேண்டும், இந்தக் கட்டுரையில் அவர் பேச்சையே கேட்கிறேன்.

அதே 1987 ஆகஸ்டில் ஆப்பிள் 'ஹைப்பர்கார்டு' வெளியிட்டது. செய்தவர் பில் அட்கின்சன். அட்டை அட்டையாகத் திரைகள், ஒவ்வொரு அட்டையிலும் பொத்தான்கள், பொத்தானை அழுத்தினால் இன்னொரு அட்டை. நிரல் எழுதத் தெரியாத ஆசிரியரும் மருத்துவரும் தங்களுக்கு வேண்டிய சின்னச் சின்ன செயலிகளைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். 1993-ல் வந்த 'மிஸ்ட்' விளையாட்டின் முதல் பதிப்பு ஹைப்பர்கார்டில் கட்டியதுதான். இன்றைய ஃபிக்மா மாதிரிகளில் திரைக்குத் திரை கோடு இழுத்து இணைக்கிறோமே, அந்த யோசனையின் தாத்தா இதுதான் என்று தாராளமாகச் சொல்லலாம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று தொட்டால் பதில் சொல்லும், ஆனால் மேக்கில் மட்டும்தான். இன்னொன்று பதில் சொல்லாது, ஆனால் எந்த மெஷினிலும் திறக்கும். இதில் எது பிழைத்தது? ஹைப்பர்கார்டு விற்பனையை ஆப்பிள் 2004-ல் நிறுத்திவிட்டது. அதே 2004-ல்தான் ஜிஃப்பின் கழுத்தில் கிடந்த கடைசிக் காப்புரிமைக் கயிறும் அறுந்தது. அந்தக் கயிறு எப்படி விழுந்தது என்பது தனிக் கதை.

அசையக் கற்றது, மாட்டிக்கொண்டது

1987-ன் முதல் பதிப்பிலேயே ஒரு கோப்புக்குள் பல படங்களை வைக்க இடம் இருந்தது. 1989-ல் வந்த 89ஏ பதிப்பு, ஒவ்வொரு படமும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று நொடியின் நூறில் ஒரு பங்குக் கணக்கில் சொல்லும் வசதியைச் சேர்த்தது. ஒளி ஊடுருவும் பின்னணியும் அதில் வந்ததுதான். ஆனால் படம் ஒருமுறை ஓடி நின்றுவிடும். முடிவில்லாமல் சுழல வைத்தது கம்ப்யூசர்வ் இல்லை, நெட்ஸ்கேப். அதன் 2.0 உலாவி, கோப்புக்குள் 'திரும்ப ஓடு' என்று சொல்லும் ஒரு சின்னக் குறிப்பைச் சேர்த்தது. இன்றைக்கும் சுழல்கிற ஜிஃப்பைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே நெட்ஸ்கேப் 2.0 என்ற பெயர் எழுதியிருக்கும். நிறுவனம் போய்விட்டது, பெயர் ஒவ்வொரு வடிவேலுவோடும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நம் பக்கம் அப்போது என்ன நிலைமை? வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கொடுக்க ஆரம்பித்தது 1995 ஆகஸ்ட் 15. மாணவர்களுக்கான மலிவுக் கணக்கில் எழுத்து மட்டுமே வரும், படம் வராது. அசையும் படத்தின் முதல் அலை நம்மில் நிறையப் பேருக்குக் கேள்விப்பட்ட விஷயம்தான். ஆனால் தமிழுக்கு ஜிஃப் வேறு விதத்தில் கைகொடுத்தது. ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீட்டு முறை என்று இருந்த காலத்தில், படிக்கிறவரிடம் எழுத்துரு இருக்கிறதோ இல்லையோ தலைப்பாவது தெரியட்டும் என்று பல தளங்கள் தமிழ் எழுத்தைப் படமாக்கிப் போட்டன. தேட முடியாது, நகலெடுக்க முடியாது, ஆனால் கண்ணுக்குத் தெரியும். எழுத்தின் உயிரை எடுத்துவிட்டு உருவத்தை மட்டும் அனுப்புகிற இந்த ஏற்பாடு, பின்னால் புரோட்டோடைப்புக்கு நடந்ததன் ஒத்திகை போலவே இருக்கிறது.

சரி, கயிற்றுக்கு வருவோம். ஜிஃப் படத்தைச் சுருக்குவது எல்.இசட்.டபிள்யூ. என்ற முறை. இஸ்ரேலின் ஆப்ரகாம் லெம்பெல், ஜேக்கப் ஸிவ் இருவரும் 1978-ல் கொடுத்த வழியை 1984-ல் டெரி வெல்ச் மேம்படுத்தினார். வெல்ச் வேலை பார்த்த ஸ்பெரி நிறுவனம் 1985-ல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கியது. ஸ்பெரி அடுத்த வருஷமே இணைப்பில் யூனிசிஸ் ஆனது. காப்புரிமை இருப்பது தெரியாமலே கம்ப்யூசர்வ் அந்த முறையை எடுத்துப் போட்டு, ஜிஃப்பை எல்லாருக்கும் இலவசம் என்று விட்டிருந்தது. 1994 டிசம்பர் கடைசியில் அறிவிப்பு வந்தது: ஜிஃப் கையாளும் மென்பொருள் செய்கிறவர்கள் உரிமத் தொகை கட்ட வேண்டும்.

கோபம் கிளம்பியது. 1995 ஜனவரி முதல் வாரத்திலேயே தாமஸ் பூட்டெல் மாற்று வடிவத்துக்கான வரைவை இணையக் குழுவில் வைத்தார். அதுதான் பி.என்.ஜி. 1996 அக்டோபரில் அது முறையான தரமானது. 1999 நவம்பர் 5-ஐ 'ஜிஃப் எல்லாவற்றையும் எரிக்கும் நாள்' என்றே அறிவித்தார்கள். ஆனால் பி.என்.ஜி. அசையாது. அசைவுக்கு வேறு வடிவம் செய்தார்கள், அது பரவவில்லை. எரிக்கச் சொன்னவர்களாலும் எரிக்க முடியாமல் போனதற்கு அந்த அசைவுதான் காரணம். அமெரிக்கக் காப்புரிமை 2003 ஜூன் 20 அன்று காலாவதியானது. மற்ற நாடுகளில் 2004. பி.என்.ஜி.க்குள் அசைவு அதிகாரபூர்வமாகச் சேர்ந்தது எப்போது தெரியுமா? 2025 ஜூனில். முப்பது வருஷம் கழித்து.

திரையைப் பிடித்துக் கொடுத்த காலம்

2007-ல் ஐபோன் வந்த பிறகு ஆப் வடிவமைப்பில் அசைவே பாதி வேலையாகிவிட்டது. பட்டியலை இழுத்தால் எப்படித் துள்ள வேண்டும், அட்டை எந்தப் பக்கம் போய் ஒளிய வேண்டும் என்பதையெல்லாம் நிலைப்படத்தில் காட்ட முடியாது. 2009-ல் ஆரம்பித்த டிரிப்பிள் என்ற தளத்தில் வடிவமைப்பாளர்கள் செய்துகொண்டிருக்கிற வேலையை 400-க்கு 300 புள்ளி என்ற சின்னச் சதுரத்தில் போடுவார்கள். அதில் ஜிஃப்பும் போகும். கண்காட்சி மேடை கிடைத்துவிட்டது.

மேடைக்கு ஏற்ற கருவிகளும் வந்தன. 2013-ல் ஃபேஸ்புக் தன் வடிவமைப்பாளர்கள் பயன்படுத்திய ஓரிகாமியை வெளியே கொடுத்தது. 2014-ல் வந்த அவர்களுடைய 'பேப்பர்' ஆப்பின் அசைவுகள் அதில் முன்மாதிரி பார்த்தவை. 2015-ல் மேக்குக்கு வந்த பிரின்சிபிள் ஒரு படி மேலே போனது. செய்த மாதிரியை நேராக வீடியோவாகவோ ஜிஃப்பாகவோ வெளியே எடுக்கலாம். அந்த வசதி இல்லாத கருவிகளுக்கு லைஸ்கேப், ஸ்கிரீன்-டு-ஜிஃப் போன்ற இலவச மென்பொருள்கள் இருந்தன. திரையில் ஒரு சட்டத்தை வைத்தால், அதற்குள் நடப்பதை நேரே ஜிஃப்பாக்கிக் கொடுக்கும்.

லாபம் கண்கூடு. புரோட்டோடைப்பைத் திறக்க சுட்டி வேண்டும், சில இடத்தில் கணக்கு வேண்டும், நல்ல இணைப்பும் பெரிய திரையும் வேண்டும். ஜிஃப்புக்கு எதுவும் வேண்டாம். மின்னஞ்சலில் திறந்த உடனே ஓடும். நிரல் எழுதுகிறவர் பக்கத்தில் வைத்துக்கொண்டு "இந்த அட்டை இப்படி வரணும்" என்று நூறு தடவை பார்க்கலாம். கருவியை நடத்திய நிறுவனம் மூடிவிட்டாலும் படம் இருக்கும். 1996-லிருந்து ஃப்ளாஷில் செய்த ஊடாடும் வேலைகள் 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு சாதாரண உலாவியில் ஓடாமல் போனபோது இது இன்னும் உறைத்தது. ஆவணப்படுத்த ஜிஃப் மாதிரி உழைப்பாளி கிடையாது.

நஷ்டத்தை முதலிலேயே கண்டுகொண்டவர்களும் இருந்தார்கள். 2013-ல் இன்டர்காம் நிறுவனத்தின் பால் ஆடம்ஸ், வடிவமைப்பே டிரிப்பிள்மயமாகிவிட்டது என்ற பொருளில் எழுதிய கட்டுரை நன்றாகச் சுற்றியது. பயன்படுத்துகிறவரின் சிக்கலைத் தீர்ப்பதை விட, சக வடிவமைப்பாளரிடம் கைதட்டல் வாங்குவதற்காகச் செய்கிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டின் சாரம். அந்தச் சின்னச் சதுரத்தில் எது அழகாகத் தெரியுமோ அதுவே நல்ல வடிவமைப்பு என்றாகிவிட்டது.

256 வண்ணத்துக்குள் ஒரு செல்போன் திரை

இந்த மாற்றம் உள்ளுக்குள் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால், எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதும் தெரியும்.

ஒரு ஜிஃப் சட்டத்தில் வழக்கமாக அதிகபட்சம் 256 வண்ணம். தட்டையான வெள்ளைத் திரை, நீலப் பொத்தான் என்றால் அதுவே தாராளம். ஒரு நிறம் இன்னொன்றில் கரைகிற பின்னணியோ புகைப்படமோ வந்தால் பட்டை பட்டையாக உடையும். அல்லது புள்ளி தூவி ஏமாற்ற வேண்டும். புள்ளி தூவினால் எல்.இசட்.டபிள்யூ. திணறும், ஏனென்றால் அது ஒரே மாதிரி திரும்ப வருகிறவற்றைத்தான் நன்றாகச் சுருக்கும்.

கணக்கு போட்டுப் பாருங்கள். 360-க்கு 780 புள்ளித் திரை, நொடிக்கு 15 சட்டம், 6 வினாடி. மொத்தம் 90 சட்டம், சுமார் 2 கோடியே 53 லட்சம் புள்ளி. அப்படியே வைத்தால் 25 மெகாபைட். அதனால் முந்தின சட்டத்திலிருந்து மாறிய பகுதியை மட்டும் சேமிப்பது, அந்தப் படத்துக்கென்றே வண்ணப்பட்டியலைத் தேர்ந்தெடுப்பது என்று பல சிக்கனம். ஜிஃப்சிகிள், எஃப்எஃப்எம்பெக் போன்ற கருவிகள் செய்வது இதைத்தான்.

வேகத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கு. நேரம் நூறில் ஒரு பங்காகத்தான் எழுத முடியும் என்பதால், போன் திரையின் நொடிக்கு 60 சட்டம் என்ற வேகத்தை ஜிஃப்பில் சொல்லவே முடியாது. நூறில் ஒன்று என்று எழுதினால், பெரும்பாலான உலாவிகள் அதை நம்பாமல் நூறில் பத்தாக மாற்றி மெதுவாக ஓட்டும். நூறில் இரண்டு, அதாவது நொடிக்கு 50 சட்டம், அதுதான் நடைமுறை உச்சம். ஆகவே ஜிஃப்பில் பார்க்கிற வழுவழுப்போ தடுமாற்றமோ ஆப்பில் வரப்போவது இல்லை.

இன்னொரு வேடிக்கை. வாட்ஸ்அப்பில் நாம் அனுப்புகிற 'ஜிஃப்' உள்ளுக்குள் எம்.பி.4 வீடியோதான். ட்விட்டரும் 2014-லிருந்து அப்படியே மாற்றிக்கொண்டது. ஜிஃப் இப்போது ஒரு கோப்பின் பெயர் என்பதை விட, சத்தமில்லாமல் தானாகச் சுழல்கிற எதற்கும் பெயர்.

படத்தில் வராதவர்கள்

தோல் துண்டைப் பார்த்து நிறம் சொல்லலாம். அந்தத் தோலை நனைத்த தண்ணீர் எங்கே போனது என்று சொல்ல முடியாது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தீர்ப்பு சொல்லி, மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்று ஆக்கியது. அதுவரை எத்தனையோ ஆயிரம் துண்டுகள் இங்கிருந்து போயிருக்கும். ஒன்றிலாவது பாலாறு தெரிந்திருக்காது. அது துண்டின் தப்பு இல்லை. துண்டு பதில் சொல்கிற கேள்வி வேறு.

ஜிஃப்பும் அப்படித்தான். அதில் ஓடுவது செய்தவரின் விரல். எங்கே அழுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பிழைச் செய்தி வராது, நெட் போகாது, கடவுச்சொல் மறக்காது. புரோட்டோடைப்பில் இருபது வழி இருந்தாலும் ஜிஃப்பில் ஒரே வழி, அதுவும் வெற்றி பெற்ற வழி.

ஒரு ஷூ கம்பெனி தன் தொழிலாளர்களுக்கு விடுப்பு விண்ணப்பிக்க ஒரு ஆப் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டிச்சிங் லைனில் பெரும்பாலும் பெண்கள். சாப்பாட்டு இடைவேளையில், பழைய போனில், திரையில் கீறலோடு, எழுத்தைப் பெரிதாக வைத்துக்கொண்டு திறப்பார்கள். ஜிஃப்பில் ஆங்கிலத்தில் 'சேவ்' என்று நான்கு எழுத்தில் அடங்கின பொத்தான், தமிழில் 'சேமிக்கவும்' ஆனதும் ஓரத்தில் வெட்டுப்படும். சின்னதாக்கின படத்தில் மெய்யெழுத்தின் புள்ளியே காணாமல் போயிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். தேதியைத் தப்பாகப் போட்டால் எப்படித் திரும்புவது என்று படத்தில் இல்லை. ஆறு வினாடி பார்த்து ஒப்புதல் கொடுத்தவருக்கு அந்த ஆப் ஒரு அழகான அசைவு. அந்தப் பெண்ணுக்கு ஒரு நாள் சம்பளம்.

இதைத் தவிர்ப்பது பெரிய செலவும் இல்லை. 2000-ல் ஜேக்கப் நீல்சன் ஒரு கணக்கு சொன்னார்: 5 பேரிடம் கொடுத்துப் பார்த்தாலே பயன்பாட்டுச் சிக்கல்களில் சுமார் 85 சதவீதம் வெளியே வந்துவிடும். அந்த எண்ணைப் பற்றி வாதங்கள் உண்டு. ஆனால் பூஜ்யத்துக்கும் ஐந்துக்கும் உள்ள வித்தியாசத்தில் வாதம் இல்லை. ஐந்து பேரை மாதனூர் பஸ் ஸ்டாப்பிலேயே பிடிக்கலாம். கையில் புரோட்டோடைப்பைக் கொடுத்துவிட்டு, நாம் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

சாம்பிள் சீட்டு

அதற்காக ஜிஃப்பே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தோல் துண்டு இல்லாமல் நிறம் முடிவாகாது. அசைவைப் பேச ஜிஃப்பை விடச் சுருக்கமான மொழி இல்லை. இந்த அட்டை இடமிருந்து வரட்டுமா, கீழிருந்து வரட்டுமா என்று கேட்க அதுவே போதும். ஆப்பைச் செய்யலாமா, ஜனங்களிடம் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு மட்டும் அது பதில் இல்லை. அதற்கு ஜோடி வேண்டும், நடந்து பார்க்க ஒரு கால் வேண்டும்.

ஷூ கம்பெனியிலிருந்து கிளம்புகிற சாம்பிளில் ஒரு சீட்டு தொங்கும். எந்த லாஸ்ட், எந்தத் தோல், என்ன அளவு, என்ன தேதி, எதற்கான சாம்பிள் என்று. வாங்கினவர் அதைப் பார்த்துத்தான் பேசுவார். நம் ஜிஃப்கள் சீட்டில்லாமல் அலைகின்றன. மூன்று மாதம் முன்னால் கைவிட்ட வடிவம் இன்றைக்கும் ஏதோ ஒரு வாட்ஸ்அப் குழுவில் சுழன்றுகொண்டிருக்கும், அதுதான் கடைசி முடிவு என்று யாரோ நம்பிக்கொண்டிருப்பார்.

விசித்திரம் என்னவென்றால், ஜிஃப்புக்குள் சீட்டு மாட்ட இடம் 1989-லேயே ஒதுக்கியிருக்கிறார்கள். 89ஏ பதிப்பில் கருத்துரை எழுதவென்றே ஒரு பகுதி இருக்கு. திரையில் தெரியாது, கோப்போடு போகும். பல மென்பொருள்கள் அதில் தங்கள் பெயரை எழுதிவிட்டு விட்டுவிடுகின்றன. வாட்ஸ்அப்பில் போனால் கோப்பே வீடியோவாக மாறுவதால் அதுவும் போய்விடும். ஆகவே நான் அனுப்புகிற ஜிஃப்களில் முதல் சட்டத்திலேயே ஒரு வெள்ளைப் பட்டையில் எழுதிவிடுகிறேன்: தேதி, எத்தனையாவது வடிவம், எந்த ஒரு வழியைக் காட்டுகிறது, இதுவரை எத்தனை பேர் தொட்டுப் பார்த்தார்கள். கடைசி எண் பூஜ்யம் என்றால் பூஜ்யம் என்றே.